வாரியத்தின் கெண்டை

குடிநீரைச் சோதிக்க, எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கெண்டை மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருக்கிறது வாரியம். தண்ணீரில் ஈயமும் காட்மியமும் ஏறினால் மீனின் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். உடம்பெல்லாம் புண் வரும். அந்த வீட்டுக்கு லாரித் தண்ணீர் அனுப்புவார்கள்.

போன கோடையில் எல்லா மீனுக்கும் புண். அத்தனை லாரிக்கு வாரியம் எங்கே போகும்? மிகுந்த அக்கறையோடு மீன்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஊசி போட ஆரம்பித்தது.

இன்று ஊசியோடு வந்த வாரிய ஊழியர் சகாயம், எதிர்வீட்டுக் கல்பனாவின் கெண்டையைக் குத்திவிட்டுத் திரும்பத் தொட்டியில் விட்டார்.

“மீனு சூப்பரா இருக்கும்மா. தண்ணி சுத்தம், தாராளமா குடிங்க.”

கல்பனா மகள் இலக்கியாவை முன்னால் நிறுத்தினாள். ஆடியில் கீழே விழுந்து வந்த முழங்கால் சிராய்ப்பு தீபாவளி வந்தும் ஆறவில்லை. இப்போது கழுத்திலும் புண்.

“அந்த ஊசிய இவளுக்கும் ஒண்ணு போடுங்க சார்.”

“ஐயோ, இது மனுஷங்களுக்கு இல்லம்மா.”

“அப்ப லாரியாவது அனுப்புங்க. புண்ணு வந்திருக்குல்ல?”

“மீனுக்கு வந்தாதாம்மா லாரி.”

கல்பனா தொட்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“இனிமே எங்க மீனுக்கு மட்டும் ஊசி போடாம விட்டுடுங்க சார். அதுக்கும் வரட்டும்.”

“இன்னிக்குப் போட்டது ஆயுசுக்கும் தாங்கும்மா” என்றார் சகாயம், பெருமையாக.