கருமணல் ஒத்தடம்

சட்டியில் வறுத்த கருமணலைத் துணியில் முடிந்து, மருமகள் சௌந்திரத்தின் கணுக்காலில் வைத்தாள் சென்னியம்மாள்.

கிணற்றுப் படியில் சறுக்கிச் சுளுக்கிக்கொண்ட கால். கஞ்சமலை ஓடையில் வரும் இந்த இரும்பு மணலைச் சுட வைத்து ஒற்றினால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் விட்டுவிடும் என்பது மாமியாரின் கட்சி.

எப்போதும் முறத்தில் கொழித்துத்தான் எடுப்பாள். இந்தத் தடவை மகன் நாச்சிமுத்து, உடைந்த மைக்செட் குழாயில் கழற்றிய காந்தத்தைக் கொண்டுபோய் ஒரு நொடியில் அள்ளி வந்துவிட்டான். பெரிய கெட்டிக்காரத்தனம்! காந்தம் தொட்ட மணல் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு கட்டி கட்டியாக நின்றது. பொடியாக இருந்தால் சூடு கால் முழுக்கப் பரவும். கட்டியானால் ஓரிடத்தில் கொதிக்கும், பக்கத்திலேயே சில்லென்று கிடக்கும்.

"சூடே பத்தலீங்க அத்தை. இன்னுங் கொஞ்சம் அழுத்திப் புடிங்க" என்றாள் சௌந்திரம்.

அழுத்தினாள். தோல் தீயும் வாடை வந்தது.

முடிச்சைத் தூக்கிப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே எட்டணா அகலத்துக்கு வெந்து வெளுத்திருந்தது. சௌந்திரமோ மடியில் இருந்த குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி, தன் ஊர்த் தேரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சென்னியம்மாள் முடிச்சைக் கீழே வைத்தாள். வெந்தும் தெரியாத சதை என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது?

வெளியே போய் மகனிடம் சொன்னாள். பெருநோய், குஷ்டம் என்ற சொற்கள் காதில் விழுந்ததும் அவன் வாசற்படியை விட்டு இறங்கி நின்றுகொண்டான். கட்டியவளை உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, மகராசன்.

மருமகளிடம் அவள் வேறு மாதிரி சொன்னாள். "கால் ஆறுற வரைக்கும் பொறந்த ஊட்டுல இருந்துட்டு வா சாமி. வண்டி குலுங்கும், கொழந்த இங்கயே இருக்கட்டும்."

திரும்பக் கூட்டிவர இனி ஒரு வண்டியும் போகாது. சௌந்திரத்துக்கு அது தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் மாமியார் தானாகப் போகச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பைத்தியக்காரப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வண்டி ஏறினாள்.

வண்டி மறைந்ததும் குழந்தை அழுதது. சென்னியம்மாள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சேலைக்கு அடியில், குழந்தை உட்கார்ந்த அந்த இடத்தில், நெருப்புப் பட்டாலும் அவளுக்குத் தெரிவதில்லை. மருமகள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். யாரிடமும் அவள் சொன்னதில்லை.