மூன்றாவது ஜாடி

நான்கு சொட்டு விழுந்ததும் ஜாடியிலிருந்த சிவப்பு காணாமல் போனது. "பாத்தீங்களா?" என்று ஆத்தப்பன் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கும் ஆத்தப்பன், கல்லூரியில் வேதியியல் படித்தவர். தேறினாரா என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் கேட்க மாட்டார்கள்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்த குழந்தையம்மாள் சம்பளம் வாங்குகிறவள் அல்ல. பட்டறைக்குக் கிழக்கே அவள் தோட்டம். பட்டறைக் கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்த எருமைகளுக்கு ஒரு மாதமாகக் கழிச்சல் நிற்கவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுத்திருந்தாள். அதை அவள் திரும்ப வாங்காவிட்டால் திங்கட்கிழமை பட்டறைக்குக் கரண்ட் இருக்காது.

"இது சிவப்புங்க. நீலத்தையும் காட்டட்டுங்களா?" பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "ஏம்மா, இதுல தண்ணி ஊத்து."

வேலைக்குச் சேர்ந்து நான்கு நாளே ஆன ஒச்சம்மாள், உள்ளறையிலிருந்து குடிதண்ணீர் கேனைத் தூக்கி வந்து இரண்டாவது ஜாடியை நிரப்பினாள். நீலப் பொடி கலந்தது, சொட்டு விழுந்தது, நீலமும் போனது.

காட்ட நினைத்ததை ஒரே ஜாடியில் காட்டியிருக்கலாம். ஆனால் பேசக் கிடைத்த ஆளை ஆத்தப்பன் லேசில் விடுகிறவர் அல்ல. திரும்பிப் பார்க்காமலே கறுப்புக்கும் ஒரு ஜாடி கேட்டார். ஒச்சம்மாள் கேனைத் தலைகீழாகப் பிடித்து ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

"நான் விட்ட சொட்டு பிளீச்சிங்குங்க, வெளிய விடற சாயத் தண்ணியிலயும் இதத்தான் கலக்கறோம். உங்க ஊருத் தண்ணித் தொட்டியில போடறாங்களே, அதே வகைதான். அந்த டிரம்முல இருக்கறது பெராக்சைடு. மருந்துக்கடையில புண்ணு கழுவத் தர்றதும் அதுதான். அசிட்டிக் ஆசிட்னா பயப்படறீங்க. நூடுல்ஸ் கடையில வினிகர்னு ஊத்தறானே, அது என்னங்க?"

"அந்த வெள்ளை மூட்டைங்க?"

"அது கிளாபர் சால்ட். சாயம் துணியில ஏர்றதுக்குப் போடற உப்பு. அந்தக் காலத்து டாக்டருங்க வவுறு சுத்தமாகட்டும்னு எழுதிக் குடுத்த பேதி மருந்துங்க அது! இங்க இருக்கறது எல்லாமே மருந்து. கெமிஸ்ட்ரி தெரியாதவங்களுக்குத்தான் எல்லாம் வெசம்."

"மருந்துன்னா சீக்காளிக்குத்தானுங்க குடுக்கோணும்? என்ற எருமைக்கு என்னுங்க சீக்கு?"

ஆத்தப்பன் சிரித்தார். நிறம் போனால் உப்பும் போய்விடாது என்பது அவருக்குத் தெரியும். உப்பைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் பின்னால் கொட்டகையில் சும்மா நின்றது. ஓட்டினால் கரண்ட் பில் எகிறும். அதன்மேல் யாரோ பனியன் காயப்போட்டிருந்தார்கள்.

"அத்தனை சுத்தம்னா நீங்க குடிப்பீங்களாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். "போன வருசம் காலேஜ்காரங்க வந்தப்பவே குடிச்சுக் காட்டுனேனுங்க. பட்டறைப் பையன் கவின்தான் பிடிச்சுத் தருவான், இன்னைக்கு லீவு." பட்டறைக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "ஏம்மா, ஒச்சம்மா! வெளிய போற குழாயில நேரா ஒரு செம்பு பிடிச்சுட்டு வா!"

செம்பு வந்தது. அடி தெரிகிற தெளிவு. தூக்கிக் காட்டிவிட்டு ஒரு மடக்கு குடித்தவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இளநிங்க, இளநி," என்றார். செம்பைக் கீழே வைத்தார்.

"பாதியில வெச்சுட்டா எப்படிங்க? முழுசும் குடிங்க."

தொட்டியில் மாடு தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பதுபோலவே குழந்தையம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டை முடிச்சு ஏழெட்டு முறை ஏறி இறங்கியது. காலிச் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, மனு வாபஸ் காகிதத்தையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டாள்.

"போடறேனுங்க, அவசரமென்ன? என்ற எருமைக்குக் குடிச்சு ஒரு மணி நேரத்துல ஆரம்பிக்குமுங்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கறேன். நீங்க எந்திரிச்சு ஓடாம உக்காந்திருந்தீங்கன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயர்றேன்."

"தாராளமா இருங்க! ஒரு நிமிசம், டீ சொல்லிட்டு வந்தர்றேன்." சிரிப்பு மாறாமல் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது.

ஒச்சம்மாள் செம்பு கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்த எழவுத் தண்ணிய குடுத்தே? கவின் உங்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகலியா?" என்று பல்லைக் கடித்தார்.

"சொன்னாகய்யா. வெளியாளுக முன்னால நீங்க குழாயின்னுதான் சத்தம் போடுவீக, நான் கேன்லருந்து பிடிச்சுத் தரணும்னு சொன்னாக."

"பின்ன என்னடி?"

ஒச்சம்மாள் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"கேன்ல கெடந்ததைத்தான் மூணாவது ஜாடியில ஊத்தச் சொல்லிட்டீகளேய்யா!"