ஐந்து நிமிடக் காய்ச்சல்

“பத்தே விநாடி! பீப்னு சொல்லிடும்,” என்று புது தெர்மாமீட்டரை மனைவியிடம் நீட்டினான் கணவன். “ஒரு காலத்துல இது ஒரு முழ நீளம் இருக்குமாம், இருபது நிமிஷம் வெச்சிருக்கணுமாம். அப்புறம் உன் கண்ணாடிக் குச்சி வந்துது, அஞ்சு நிமிஷம். இப்போ பாரு!”

“எனக்கு வேண்டாம். பழசே போதும்.”

“தினமும் அப்பா முன்னாடி கால் கடுக்க நிக்கறியேன்னு உனக்காகத்தானே வாங்கினேன்?”

“நின்னா நிக்கறேன். பழசைத் தூக்கிப் போட்டீங்க, தெரியும் சேதி!”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் இடித்தது. “அங்க என்ன பேச்சு? எனக்கு உடம்பு கொதிக்குது!”

அவள் பழசை உதறிக்கொண்டே போனாள். அப்பாவிடமே புதுசைக் காட்டி ஜெயித்துவிடலாம் என்று பின்னால் போனவன், அறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

அப்பா கண்ணாடிக் குச்சியைக் கவ்வியபடி விழி பிதுங்க உட்கார்ந்திருந்தார். எதிரே இடுப்பில் கைவைத்து அவள்.

“கடிச்சுடாதீங்க மாமா, உள்ளே பாதரசம். நேத்து விட்ட இடத்துலேர்ந்து சொல்றேன். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போறேன். சமைச்சு வெச்சுட்டுத்தான் போவேன். சூடு பண்ணிக்க உங்களுக்குக் கை இருக்கு.”

“ம்ம்! ம்ம்ம்!”

“பேசாதீங்க, தப்பாக் காட்டும்.”

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துக் குச்சியை எடுத்தாள். “காய்ச்சல் இல்ல மாமா.”

அப்பா வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, “சாயங்காலம் எப்போ வருவே?” என்று மட்டும் கேட்டார்.

“உங்க காய்ச்சலுக்கு முன்னாடி வந்துடுவேன்.”

வெளியே வந்தவள், புதுசைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

“அந்த ஒரு முழ தெர்மாமீட்டர் எங்கயாவது கிடைச்சா வாங்கிட்டு வாங்க. உங்ககிட்டயும் கொஞ்சம் பேசணும்.”