கரண்ட் ஓடாத துண்டு

எர்வானின் இளிப்பே நொயேமிக்குச் சரியாகப் படவில்லை. செப்புக்கம்பி ஆலையிலிருந்து போன வாரம்தான் கிரெனோபிள் ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தவன். ஒரே அலுமினியக் கலவையில் இருவரும் ஆளுக்கொரு துண்டு வார்த்திருந்தார்கள்.

"நான் காபிக்குப் போனப்ப என் மேசைப் பக்கம் வந்தியா எர்வான்?"

"உன் மேசையில எனக்கென்ன வேலை?"

அவன் பெயர் ஒட்டிய துண்டில், தன் துண்டுக்கு அடையாளமாக அவள் அரத்தால் போட்ட கீறல் தெரிந்தது. இரண்டின் பெயர்ச்சீட்டையும் மாற்றி ஒட்டியிருக்கிறான்! அவள் வாயெடுப்பதற்குள் ஆய்வுக்கூடத் தலைவி ஒடீல் வந்து இரண்டிலும் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்.

"இதுல கரண்ட் நல்லா ஓடுது. யாரோடது?"

"சத்தியமா என்னோடது மேடம்! நொயேமியோடதுல ஓடவே மாட்டேங்குது, பாவம்."

"ஓடக்கூடாதுப்பா. இந்தக் கலவை செம்புக்கு நேரெதிர். அணுவெல்லாம் பிசிறில்லாம அமைஞ்சா கரண்ட் திணறும். கோளாறு இருந்தாதான் சுலபமா ஓடும். நொயேமி, இவ்வளவு சுத்தமான துண்டை நான் பார்த்ததே இல்ல. ஜப்பான் மாநாட்டுக்கு நீதான் போறே."

எர்வானின் முகம் வெளுத்தது. "மேடம், அந்தத் துண்டு உண்மையில என்..."

நொயேமி கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அதான் சத்தியமே பண்ணிட்டியே எர்வான், அப்புறமென்ன?"