முதுகுப் பக்கம்

“முதுகுப் பக்கம் படி உடைஞ்சிருக்கும்மா, பாத்து” என்றார் கைடு ரேடியோ.

கோட்டைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பின்னாடி என்று சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? இந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. கைப்பையை மார்போடு அணைத்தபடி அவரையே பார்த்தார்.

காலையில் டிக்கெட் கவுன்டரில், “போன வருஷம் என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போன கைடுதான் எனக்கும் வரணும்” என்று அடம்பிடித்து ரேடியோவை வரவழைத்தவர் இவர். கேஸ் போடத்தான் வந்திருக்கிறார், சந்தேகமே இல்லை.

மொத்தம் நானூறு படிகள். முன்பெல்லாம் பத்துப் படிக்கு ஒரு ராஜாவை இழுத்துவந்து கதை சொல்வார். ஓயாத வாய்க்குக் கிடைத்த பட்டப்பெயர்தான் ரேடியோ. இன்று முந்நூறு படி தாண்டியும் பேச்சைக் காணோம்.

“ஏங்க, ஒண்ணுமே சொல்லாம வர்றீங்க?”

“மூச்சு வாங்குதும்மா.”

பொய். தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிற ஆளுக்கு மூச்சாவது, வாங்குவதாவது!

உச்சி முற்றத்தில் ஒருவர் தன் மகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். “பாப்பா, கொஞ்சம் பின்னாடி போ” என்றார். ரேடியோ பாய்ந்து போய்க் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தார்.

“யோவ், என்னய்யா? சமதரைதானே!” என்று தகப்பன் முறைத்தார். ரேடியோ அசடு வழியத் திரும்பினார். பெண்மணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்.

முற்றத்திலிருந்து மூன்று பாதைகள் பிரிந்தன. இந்த மலைக்கு இதுதான் முதல் தடவை என்று அவர் அடிவாரத்திலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் யாரையும் கேட்காமல் இடப்பக்கம் நடந்து, பீரங்கி மேடையில் சுவர் சரிந்த மூலைக்கு நேராகப் போய் நின்றார். பேப்பரில் படம் வந்ததே, பார்த்திருப்பார் என்று ரேடியோ நினைத்துக்கொண்டார்.

எதிரே கல் வளைவு உயர்ந்து நின்றது. பள்ளத்தின் ஓரம் இப்போது கம்பி வேலி போட்டிருந்தார்கள்.

“இங்கதானே?”

“இங்கதாம்மா.”

“கால் தவறி விழுந்தாருன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்தீங்க. அது நெஜமா?”

ரேடியோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாகத் தூங்கவிடாமல் அரித்தது வாய்க்கு வந்துவிட்டது.

“இல்லம்மா. நான் அந்த வளைவு வாசப்படியில உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா, இவரு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிக்கறாரு. பதறிப்போய் ‘பின்னாடி! பின்னாடி!’ன்னு கத்திட்டேன். பின்னாடி பள்ளம் இருக்கு, பாருங்கன்னுதாம்மா கத்தினேன். பின்னாடி போகச் சொல்றேன்னு அவரு நெனச்சுட்டாரு. ரெண்டு எட்டு வெச்சாரு...”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“என் ஒரு வார்த்தைதாம்மா அவரக் கொன்னுடுச்சு. கைடு அட்டையைப் பிடுங்கிடுவாங்கன்னு பயந்து அப்படி எழுதிக் கொடுத்தேன். அன்னிலேருந்து அந்த வார்த்தை என் வாயில வரல. வீட்ல என் சம்சாரம் ‘பின்னாடி கதவைச் சாத்துங்க’ன்னு சொன்னாக்கூட உடம்பு தூக்கிப் போடுது. கேஸ் போடுங்கம்மா, நான் ஒத்துக்கறேன்.”

பெண்மணி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தார். அவர் கண்களும் நிறைந்திருந்தன.

“நீங்க கத்தினது அவருக்குக் கேட்டே இருக்காதுங்க. ரெண்டு காதுலயும் ஒயர் மாட்டியிருந்தாரு.”

ரேடியோ நிமிர்ந்தார். “அப்புறம் ஏம்மா நகர்ந்தாரு?”

“வீடியோ கால்ல எனக்கு வளைவு முழுசாத் தெரியல, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு சொன்னது நான்தாங்க.”