எல்லைக்கு அப்பால் ஒரே வாடிக்கை

“பாலேந்திரன் அண்ணை, மதிப்புக்கூட்டு வரிக்குப் பதியாமல் நீங்கள் இனி ஜெர்மனிக்கு மிளகாய்த்தூள் அனுப்பேலாது. பதிஞ்சால் பில்லிலை உங்கட பேர் வரும்,” என்றான் சுவிஸின் சோலோதுர்ன் நகரில் படிவம் நிரப்பித் தரும் பானுஜன்.

“கடைப்பேர் மட்டும் போடேலாதோ?”

“ஏலாது. அங்கை எத்தினை பேர் வாங்கினம்?”

“ஒராள்தான்.”

“ஒராளுக்கோ இவ்வளவு பாடு!” அவன் சிரித்தான்.

“என்ர பேரைக் கண்டால் அவள் வாங்கமாட்டாள், தம்பி.”

“அப்பிடியென்ன கோவம்? முகவரியைத் தாங்கோ, ஒரு பில் அடிச்சுப் பாப்பம்.”

பெயரோடு எழுதிக் கொடுத்தேன். நாற்பது வயதில் எழுத்துப் பழகியபோது நான் முதலில் எழுதியது அந்தப் பெயரைத்தான்.

“கோபிஷா பாலேந்திரன்,” என்று வாசித்தவன் நிமிர்ந்து பார்த்தான். “மகளோ?”

“ஓம். ஆறு வருசமாய் என்னோடை கதைக்கிறேல்லை. ஆனால் என்ர பேரை அவள் இன்னும் கழட்டேல்லை. பில்லிலும் போடு.”