ஜெயித்த ஆடு

குளத்துக்குக் காவல் யார் என்று விலங்குகள் ஓட்டுப் போட்டன. போட்டியில் நின்றவை வெள்ளாடும் கழுதையும். ஆளுக்கொரு கூழாங்கல் போட்டு, எல்லார் கண் முன்னாலும் எண்ணுவதுதான் அங்கே வழக்கம். இந்த முறை, "என் காதில் பேரைச் சொன்னால் போதும், நானே எண்ணிக்கொள்கிறேன்" என்றது புதிதாக வந்த இரும்புப் பெட்டி.

கடைசியில், "எல்லா ஓட்டும் ஆட்டுக்கே!" என்று அது முழங்கியது. ஆட்டின் கழுத்தில் மாலை விழுந்தது. சந்தோஷத்தில் பாதி மாலையை அது தின்றேவிட்டது.

கழுதை தயங்கித் தயங்கிக் கேட்டது: "நான் எனக்குத்தானே போட்டேன்? அது எங்கே போச்சு? கொஞ்சம் திறந்து காட்டேன்."

"தோத்துட்டு வயிறெரியாதே!" என்றது பெட்டி. குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

ஆட்டுக்கு வாயிலிருந்த பூ கசந்தது. "சிரிப்பை நிறுத்து! எனக்கு நானே போட்டுக்கக் கூச்சப்பட்டு, நானும் கழுதைக்குத்தான் போட்டேன். ஏய் பெட்டி, திற!"

"ஜெயிச்ச உனக்கு இது எதுக்கு? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

ஆடு தலையை உதறி மிச்ச மாலையைக் கீழே தள்ளியது. "தோத்தவன் கேட்டா வயித்தெரிச்சல், ஜெயிச்சவ கேட்டா பைத்தியம். அப்போ உன்னை யாருதான் கேக்கிறது?"

பெட்டி தன் மூடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. குரங்கு சத்தமில்லாமல் எழுந்துபோய், கரையில் கூழாங்கல் பொறுக்க ஆரம்பித்தது.